குதிரைக்கு மூச்சு வாங்கிய நாள்

பட்டறையில் அவனுக்குக் குதிரை என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி. துரத்த நாய் இல்லை, பிடிக்க பஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஒருத்தன் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் ஓடிவிட்டு வருகிறான் என்றால், அவனை மனுஷக் கணக்கில் சேர்ப்பது மனுஷர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது மேஸ்திரியின் கட்சி.

"நேத்து ஓடி எங்கடா போன?" என்று திங்கட்கிழமை காலையில் கேட்பார்.

"எங்கயும் போகல. சுத்திட்டு வீட்டுக்கே வந்தேன்."

"அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே!"

பட்டறை சிரிக்கும். குதிரையும் சிரிப்பான். வாரத்துக்கு வாரம் அதே கேள்வி, அதே பதில். யாருக்கும் அலுக்கவில்லை.

அங்கே சமையலறை மேடைக்கான கல் பலகைகளை அறுப்பார்கள். பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல் இல்லை. கல்லைப் பொடியாக்கி, பிசின் கலந்து, அழுத்தி, கேட்ட நிறத்தில் வார்த்த பலகை. வீட்டுக்காரர்களுக்கு அது கறை பிடிக்காத, பளபளக்கும் மேடை. அறுப்பவர்களுக்கு அது மாவு. வட்டக்கத்தி சுழன்று பலகையில் இறங்கியதும் முகத்துக்கு நேரே வெள்ளையாகப் பொங்கும். புருவத்தில் படியும், காது மடலுக்குப் பின்னால் படியும், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் படியும். காகித முகமூடி ஒன்று கொடுப்பார்கள். மத்தியானத்துக்குள் அது நனைந்த அப்பளமாகிவிடும்.

கத்தியின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் இந்த மாவு பொங்காது. அதற்காகவே இயந்திரத்தில் ஒரு குழாய் வைத்திருந்தான் அதைச் செய்தவன். ஆனால் தண்ணீர் விட்டால் சேறு வரும், சேறு சாக்கடையை அடைக்கும், அடைப்பு எடுக்க ஒரு ஆள் நிற்க வேண்டும், ஈரப் பலகையில் பென்சில் கோடு தெரியாது, பசை ஒட்டாது, சரக்கு தாமதமாகும். முதலாளி குழாயை மூடிவிட்டார். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் குழாய் திறக்கும். அன்றைக்குப் பட்டறையில் மழைக்காலம். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் மறுபடி கோடை.

வாரமெல்லாம் இதைச் சுவாசித்தவன் ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் ஓடினதில் என்ன அதிசயம்? ஈரப் புல்லின் வாசனைக்காக ஓடினான். பரிசு வாங்குகிற ஓட்டக்காரன் இல்லை அவன். பந்தயங்களில் முன்னால் போகிறவர்கள் சட்டை மாற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேருவான். அவனுக்குப் பின்னால் வருகிறவர்களும் உண்டு, அது போதும். ஏறும்போது சின்னச் சின்ன அடி, கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். இறங்கும்போது பயத்தை மேலேயே விட்டுவிட வேண்டும். அது பிடிபட்டுவிட்டால், சரிவில் கால் அதுவாகவே வழி தேடிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவன் யாருக்கும் கூலி ஆள் இல்லை.

ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வெளியே பெரிய ஓட்டம் நடக்கும். மைதானத்தில் தொடங்கி, ஒரு மேடு ஏறி, காட்டுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, இரண்டாவது மேட்டில் ஏறித் திரும்ப வேண்டும். இரண்டாவது மேட்டுக்கு ஓடுகிறவர்கள் வைத்த பெயர் வட்டிக்காரன். முதல் மேட்டில் ஆசைப்பட்டு வேகம் எடுத்தவனை அது சும்மா விடாது, கழுத்தைப் பிடித்து வசூலித்துவிடும். அந்த மேட்டின் உச்சியில் பட்டறை முதலாளி வருஷா வருஷம் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார், நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக எழுதி. கத்திக்குக் கொடுக்க மனமில்லாத தண்ணீர் அங்கே கோப்பை கோப்பையாக ஓடும். பட்டறைச் சட்டையோடு ஓடிவரும் குதிரையை அங்கே நிறுத்திப் படம் எடுப்பார்கள். வரவேற்பறைச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. உச்சியில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

அந்தப் படம்தான் அவன் மச்சானுக்கு எமனாயிற்று.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டவர், கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், பிறகு தங்கையையும் கொடுத்தவர். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். முதலில் இருமல் வந்தது. பிறகு படுத்துத் தூங்க முடியாமல் போயிற்று. நுரையீரல் கல்லாகிக்கொண்டு வருகிறது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். வேலை போனதும் தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். ஜன்னலோரம் தலையணை மேல் தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார்.

"ராஜா மாதிரி தூங்கறேன் மாப்ளே," என்பார். "சிம்மாசனத்துல."

நோய் தூசியால் வந்தது என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டார்கள். மனு ஜெயித்தால் அவருக்கு மருத்துவம் உண்டு. அதைவிட, பட்டறையில் குழாயைத் திறந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வரும். கத்தி பிடித்த எல்லோருக்கும் மூச்சு மிஞ்சும். அதனால் மேஸ்திரியிலிருந்து மெருகு போடுகிறவர் வரை எல்லோருடைய கண்ணும் அந்த மனுவின் மேல்தான் இருந்தது.

முதல் விசாரணையில் நிறுவனத்தின் டாக்டர் வந்தார். நல்ல சட்டை, நிதானமான குரல். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தையே கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"இதே பட்டறை, இதே தூசி, கிட்டத்தட்ட இதே வருஷங்கள். இந்த ஆள் மலை ஏறி ஓடறார். தூசிதான் காரணம்னா இவர் எப்படி ஓடறார்? மனுதாரர் முன்னாடி சிகரெட் பிடிச்சவர். அதைத்தான் நான் பார்ப்பேன்."

விசாரணை அதிகாரி தலையை ஆட்டினார். படித்த மனிதர், ஆட்டினார்! பாம்பு கடித்து ஒருவன் பிழைத்துவிட்டால் பாம்புக்கு விஷம் இல்லை என்று ஆகிவிடுமா? ஒருவனைக் கடித்த பாம்பு இன்னொருவனை இன்னும் சரியாகக் கடிக்கவில்லை என்பதை மருத்துவம் என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்குப் பட்டம், அதைக் கேட்டுத் தலையாட்ட ஒருவருக்கு நாற்காலி. பக்கத்து வீட்டுக்காரர்கள் விதி என்றார்கள். விதி வந்து குழாயை மூடவில்லை. மூடின கைக்கு மோதிரம் இருந்தது, முகவரி இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "இந்த வருஷம் ஓடாம இருந்தா என்னங்க?"

"ஓடலைன்னா, கேஸுக்காகத்தான் ஓடலைன்னு அந்த டாக்டர் சொல்லுவான்."

"ஓடினா?"

"ஓடினா, பார் ஓடறான்னு சொல்லுவான்."

"அப்ப நீங்க என்னதான் பண்ணணும்?"

அதற்குப் பதில் மேஸ்திரியிடம் இருந்தது. பட்டறைச் சாப்பாட்டு அறையில், மச்சான் தன் பழைய அலமாரியைக் காலி செய்ய வந்திருந்த மத்தியானம், அதைச் சொன்னார்.

"ஓடு. வட்டிக்காரன் ஏறு. பந்தல்ல வருஷா வருஷம் டாக்டர் நிப்பான்ல, அவன் காலடில போய் விழு. மூச்சு முட்டி விழு. ஊரே பாக்கட்டும். அப்புறம் அந்தப் படத்தை எங்க மாட்டறான்னு பாப்போம்."

"பொய்யா விழறதா?" என்றான் குதிரை.

"அவன் மட்டும் உண்மையாவா பேசறான்?"

யாரோ கதவைச் சாத்தினார்கள். இன்னொருவர் மூலையில் இருந்த கேமராவைக் காட்டினார். மேஸ்திரி கையை வீசினார். "அதுக்கா? அதுக்குக் கண்ணு போய் மாமாங்கம் ஆச்சு. மாவு அப்பியிருக்கு பாரு." அது அவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கட்டடத்தில் சுவர்க் கடிகாரத்துக்கு முள் தெரியாது, ஜன்னல் கண்ணாடியில் வெயில் தெரியாது. எதையும் யாரும் துடைத்ததில்லை. துடைக்காத இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஒன்றை மட்டும் துடைத்து வைத்திருப்பார்கள் என்று எப்படித் தோன்றும்?

குதிரை எழுந்து நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான்.

"தூ, அது சினிமா," என்றார் மச்சான். "நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகும்டா. கழுத்துதான் வேலை செய்யும். இங்க பாரு." தொண்டைக்குக் கீழே இருக்கும் குழியைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. "இந்தக் குழி உள்ள போகணும்."

"எனக்குப் போக மாட்டேங்குது மச்சான்."

"எனக்கு வெளிய வர மாட்டேங்குது. நல்ல ஜோடி."

"தோளைத் தூக்கு குதிரை, தோளை!" என்றார் மேஸ்திரி. அவன் தூக்கினான். "இது மூச்சு வாங்கற மாதிரி இல்லடா, கனைக்கற மாதிரி இருக்கு!"

அறையே வெடித்துச் சிரித்தது. மச்சானும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பேசும்போது பாதில நிறுத்து. 'தண்ணி குடுங்க'ன்னு முழுசா கேக்கறவன் நோயாளியே இல்ல. 'தண்ணி'யோட நிக்கணும். 'குடுங்க'வுக்குக் காத்து பத்தாது."

"தண்ணி…" என்றான் குதிரை.

"ம். இப்பதான் கொஞ்சம் பரவால்ல. பாஸ்."

இத்தனைக்கும் நடுவில் அவன் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களாகவே அவன் ஓட்டம் சரியில்லை. அவனோடு ஓடும் தபால்காரி, எப்போதும் பின்னால் வருகிறவள், இப்போதெல்லாம் முன்னால் போனாள். வயசாகிறது என்று நினைத்தான். ஷூவைக் குற்றம் சொல்லிப் புதிது மாற்றினான். தூசியை அவன் சந்தேகிக்கவே இல்லை. மச்சானைக் கடித்ததுதான் தன்னையும் கடிக்கிறது என்று நினைக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அது எவனுக்குத்தான் வரும்?

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டத்தன்று காலையில் மைதானம் பனியில் நனைந்து கிடந்தது. தபால்காரி கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். அவனைவிட மூத்தவள். தெருத்தெருவாக நடந்து நடந்து கால் இரும்பானவள்.

"என்ன தம்பி, மூஞ்சி தொங்குது? புது ஷூ கடிக்குதா?"

"இல்லக்கா. சும்மா."

விசில் ஊதியது. கூட்டம் புல்லைச் சேறாக்கிக்கொண்டு கிளம்பியது. முதல் மேட்டில் அவன் அடக்கியே ஏறினான். காட்டுக்குள் இறங்கும்போது கால் பழையபடி வழி கண்டுபிடித்தது. வேரைத் தாண்டி, சறுக்கிய மண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து, ஓடைக்குள் முழங்கால் நனைய இறங்கி ஏறினான். தண்ணீரின் குளிர் பட்டதும் அவனுக்கு வெட்கம் வந்தது. இந்த ஒரு இடத்தில்தான் தன் உடம்பு பொய் சொல்லாமல் இருந்தது. இங்கேயும் கொண்டுவந்து நாடகம் போடுவதா? விழப்போவதில்லை என்று முடிவு செய்தான். பந்தல் வரை ஓடுவது, நின்று, டாக்டரின் முகத்தைப் பார்த்து, 'நான் ஓடறதுக்கும் அவர் சாகறதுக்கும் என்னய்யா சம்பந்தம்? குழாயைத் திற' என்று எல்லோர் முன்னாலும் கேட்பது. மச்சானுக்குக் கோபம் வரலாம். மேஸ்திரி திட்டுவார். திட்டட்டும். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி வட்டிக்காரன் மேட்டில் கால் வைத்தான்.

கொஞ்ச தூரம் ஏறியதும் காற்று நின்றது.

மரங்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன. எல்லோருக்கும் காற்று இருந்தது, அவனுக்கு மட்டும் இல்லை. வாயைத் திறந்தான். உள்ளே போவது பாதியிலேயே சுவரில் மோதித் திரும்பியது. ஓடுவதை விட்டு நடந்தான். நடை தள்ளாட்டமாயிற்று. தபால்காரி பக்கத்தில் வந்தாள்.

"என்ன தம்பி, இன்னைக்கு வட்டி ஜாஸ்தியா?" என்றவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நின்றாள். "உதடு ஏன் நீலமா இருக்கு? உக்காரு. டேய் தம்பி, உக்காருன்னு சொல்றேன்ல."

அவன் தலையை ஆட்டினான். பந்தல் மேலே தெரிந்தது. அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவள் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ பேர் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

பந்தலருகே பட்டறை ஆட்கள் நின்றிருந்தார்கள். வண்டிப் பாதை வழியாக மச்சானையும் கூட்டிவந்து மடக்கு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் மனைவி. அந்தப் பக்கம் முதலாளியும் டாக்டரும். குதிரை உச்சிக்கு வந்து முழங்காலில் விழுந்தான். கை இரண்டும் மண்ணில் ஊன்றியிருந்தன, தோள் காதுவரை எழும்பி எழும்பி இறங்கியது.

"அப்படித்தான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"பின்றான்யா," என்றார் மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு. "அன்னைக்குக் கனைச்ச பயலா இவன்?"

மனைவிக்குத் திட்டம் தெரியும். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். கிட்டே வரவில்லை.

"யாராச்சும் வாங்களேன், என்ன வேடிக்கை பாக்கறீங்க!" என்று தபால்காரி கத்தினாள்.

மச்சான் மட்டும் சிரித்த முகத்தோடு குனிந்தார். குனிந்தவரின் கண் அவனுடைய தொண்டைக் குழிக்குப் போயிற்று. சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது. நாற்காலியிலிருந்து நழுவி இறங்கி, தவழ்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மாப்ளே. போதும்டா. போதும், எழுந்திரு."

அவன் எழுந்திருக்கவில்லை.

"நடிக்கறேன்னு சொல்லுடா. டேய், சொல்லுடா!"

"மச்…" என்றான் குதிரை. மீதிக்குக் காற்று இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த டாக்டரம்மாதான் மச்சானுக்கும் வைத்தியம் பார்த்தவர். நெஞ்சின் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்பலருந்து மூச்சு வாங்குது?"

"ஞாயித்துக்கிழமைலருந்து."

"இல்ல. இது ரொம்ப நாள் வேலை. நீங்க ஓடி ஓடி நுரையீரல்ல மத்த இடத்தைப் பழக்கி வச்சிருந்ததால தெரியல." வெள்ளைப் புள்ளிகளை விரலால் தொட்டார். "உங்க மச்சான் படத்தையும் இதையும் கலந்து வச்சா எது யாருதுன்னு எனக்கே சொல்லத் தெரியாது. அந்தத் தூசி பக்கம் இனிமே போகாதீங்க."

"மருந்து?"

"உள்ள போன கல்லைக் கரைக்க மருந்து இல்ல."

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவியிடம் சொன்னான். அவள், "அப்ப அண்ணன் கேஸு நிக்கும்ல?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவன் அவள் கையை வாயிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். அவனும் அதைத்தான் நினைத்திருந்தான். தனக்கு வந்த சாவைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எதற்காவது உதவுமா என்று கணக்குப் பார்க்கிற நிலைக்கு அந்த வீட்டைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

விசாரணை அறையில் மின்விசிறி ஓடியது, ஜன்னல் கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நிறுவனத்தின் வக்கீல் வளவளவென்று பேசவில்லை. ஒரு சின்னத் திரையைத் திருப்பி வைத்தார்.

சாப்பாட்டு அறை தெரிந்தது. அவ்வளவு துலக்கமாக அந்த அறையை அதில் சாப்பிட்டவர்கள்கூடப் பார்த்ததில்லை. கேமராவின் உடம்பெல்லாம் மாவு அப்பியிருக்க, அதன் கண்ணை மட்டும் ஆள் வைத்துத் துடைத்து வந்திருக்கிறார்கள். அத்தனை வருஷத்தில் அந்தப் பட்டறையில் யாராவது அக்கறையோடு தூசி துடைத்த ஒரே பொருள் அதுதான். படத்தில் சத்தம் இல்லை. குதிரை நெஞ்சைப் பிடிக்கிறான். மச்சான் தலையாட்டி மறுக்கிறார், தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார். குதிரை தோளைத் தூக்குகிறான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், அது வேற," என்று எழுந்தான் குதிரை. "அன்னைக்கு அப்படித்தான் பேசிக்கிட்டோம். ஒத்துக்கறேன். ஆனா நான் விழுந்தது நெஜம். இதோ ஆஸ்பத்திரி படம். முதல்ல நான் நல்லா இருக்கேன்னுதானே தூசியில தப்பில்லன்னாங்க? இப்ப நான் நல்லா இல்ல. அப்ப தூசியில தப்பு இருக்குன்னுதானே…"

வாக்கியம் அங்கே நின்றது. மூச்சு பிடிக்கக் குனிந்தான்.

வக்கீல் அதிகாரியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "இதைத்தான் இப்பப் பார்த்தோம், சார்."

அறையின் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தபால்காரி, சீருடையோடு, வேலைக்கு நடுவில் வந்தவள், கையை உயர்த்தினாள். "சார், அந்த மேட்டுல நான் கூட இருந்தேன். உதடு நீலமாயிருந்தது. அது நடிப்பு இல்ல. உதட்டை யாராலயும் நீலமா நடிக்க முடியாது."

"நீங்க டாக்டரா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லீங்க. தபால் குடுக்கறேன்."

"உக்காருங்க."

ஆஸ்பத்திரிப் படத்தை அவர் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. இது இன்றைய மனுவில் இல்லாத ஆளின் படம் என்றார். வேண்டுமானால் இவர் தனியாக மனுப் போடலாம், ஆனால் இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அதை எவ்வளவு தூரம் நம்ப முடியும் என்பதை அப்போது பார்க்க வேண்டியிருக்கும் என்றார். மச்சானின் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

நியாயத்தைப் பாருங்கள். அவன் ஓடினால் தூசி நல்லது. விழுந்தால் ஆள் கெட்டவன். அவன் மூச்சு நன்றாக இருந்தவரை அது சாட்சி, சுவரில் மாட்டினார்கள், மேஜையில் வைத்தார்கள். கெட்டுப்போனதும் அது சாட்சி இல்லை. அந்த ஏழைகள் சொல்ல நினைத்த பொய் ஒன்றே ஒன்று, அதையும் சொல்லுமுன் உண்மை முந்திக்கொண்டது. எதிர்த் தரப்பில் ஒவ்வொரு நாளும் மூடின குழாய் ஒரு பொய். அதைப் படம் பிடிக்க அங்கே எந்தக் கேமராவும் இல்லை.

வாசலில் மேஸ்திரி அவன் எதிரே வந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க," என்றான் குதிரை.

"நாளைக்கு ரெண்டு லோடு அறுக்கணும்," என்றார் மேஸ்திரி. மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் பட்டறை ஆட்கள் எல்லோரும் அவரோடு பஸ் ஏறினார்கள்.

வீடு மேல்மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மச்சான் வந்த நாளிலிருந்து குதிரைதான் அவரைக் கக்கத்தில் தாங்கி மேலே ஏற்றுவான். "குதிரை வச்சிருக்கற வீட்ல எனக்கென்ன கவலை," என்று அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்கும் குதிரை கையைக் கொடுத்தான். முதல் திருப்பம் வரை போனார்கள். அங்கே அவனுக்குக் கண் இருட்டியது, சுவரில் சாய்ந்தான். அவன் சாய்ந்ததும் பிடிமானம் இல்லாமல் மச்சானும் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

பையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி சத்தம் நின்றதைக் கவனித்துத் திரும்பினாள். இறங்கி வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். யாரை முதலில் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைப் புரிந்துகொண்ட இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மற்றவரைக் கை காட்டினார்கள்.

"என்னால ஒரு தடவைக்கு ஒருத்தரைத்தான்…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பையைக் கீழே வைத்தாள். அண்ணனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நீங்க இங்கயே இருங்க. அசையாதீங்க. வரேன்."

மேலேயிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர் அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். பிறகு குதிரையைப் பார்த்தார்.

"என்ன ஓட்டக்காரரே, படியில உக்காந்துட்டீங்க?"

"சும்மா," என்றான்.

அவர் தாண்டிப் போனார். மேலே அடுத்த திருப்பத்தில் அவள் செருப்புச் சத்தம் நின்றது, இருமல் கேட்டது, மறுபடி செருப்பு நகர்ந்தது. இன்னும் ஏற வேண்டியது நிறைய இருந்தது. பிறகு அவள் இவனுக்காக இறங்கி வர வேண்டும். குதிரை பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்திருந்தான்.